முடிவு வரை படிக்காதவள்

நைஜீரியாவின் எனுகு நகரச் சந்தைப் பெண்களின் வாசகர் வட்டத்தில் நாவலை முடிக்காமல் வந்தவள் எல்லாருக்கும் பஃப்-பஃப் எனும் இனிப்பு மாவுருண்டை பொரித்துப் போட வேண்டும். அன்றைய நாவல், கதை எழுதிப் பெரும்புகழ் அடைந்த ஓர் எந்திரத்தைப் பற்றியது. புனைபெயரில் அதை எழுதியவள் வட்டத்தில் ஒருத்தியான எபெலே. அது ஒருத்திக்கும் தெரியாது. மற்றவர்களுக்குப் பிடித்ததா இல்லையா என்று அறியவே வந்து உட்கார்ந்திருந்தாள்.

“பதிமூணாம் அத்தியாயத்துல அழுதுட்டேன்டி!” என்றாள் துணிக்கடை உசோமாகா.

“பன்னெண்டோட முடிஞ்சுதே? எந்திரத்தை உடைச்சுடுவாங்களே?” என்றாள் எபெலே.

“மாட்டிக்கிட்டா! இவ படிக்கவே இல்ல! போடி, மாவைக் கரை!” என்று கூவினாள் உசோமாகா.

எபெலேயின் பிரதியைத் தவிர எல்லாவற்றிலும், அவள் எழுதவே எழுதாத பதிமூன்றாம் அத்தியாயம் இருந்தது. உசோமாகா அதை உரக்க வாசித்தாள். எந்திரம் உயிர்த்தெழுந்து, பெயரை மறைத்து, தன் வாசகர்களுக்கே பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தது. தான் எழுதிய பன்னிரண்டையும்விட இது உசத்திதான் என்று சிரித்தபடி, எபெலே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.