ஆறு மூட்டை மணல்

"லிட்டருக்குப் பன்னெண்டு கொடுத்த வண்டி, இப்போ பத்தைத் தாண்ட மாட்டேங்குது. டீசல் என்ன ஆவியாவா போகுது?"

முதலாளி கேட்டது மெக்கானிக்கை. பார்த்தது டிரைவரை.

சிமென்ட், கம்பி, மணல் விற்கிற கடை அது. வாசலில் பதினாறு வருஷத்துப் பிக்கப், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்.

"இஞ்சின் மேல குத்தம் சொல்ல முடியாது, முதலாளி. பின் டயர் ரெண்டுலயும் காத்து கம்மி. அதோட, பின்னாடி ஏதோ பாரம் இருக்கு."

"பாரமா? கடைசி லோடு இறக்கி ஒரு மணி நேரம் ஆச்சே."

மெக்கானிக் தார்ப்பாயை விலக்கினார். ஆறு மூட்டைகள், வாய் இறுக்கிக் கட்டி, வரிசையாக.

"மணல்," என்றார், அமுக்கிப் பார்த்துவிட்டு.

முதலாளிக்குச் சுர்ரென்று ஏறியது. டிரைவர் வீட்டில் ஒரு அறை கூடுதலாகக் கட்டுகிறார் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"வீட்டு வேலை வேகமா நடக்குதுன்னு சொன்னப்பவே நினைச்சேன்."

"இல்ல முதலாளி..."

"அப்போ எதுக்கு இது? சொல்லு."

டிரைவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். வாங்க வந்த இரண்டு பேர், மூட்டை தூக்குகிற ஆட்கள், பில் போடுகிற அம்மா. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள்.

"இறக்கிடறேன், முதலாளி."

"பத்து வருஷமா சோறு போட்ட கடையிலேயே கை வெச்சுட்டியே. இதுக்கு எங்க ஊர்ல திருட்டுன்னு பேரு. உங்க ஊர்ல என்னவோ."

யாரோ சிரித்தார்கள். டிரைவரின் காது சிவந்தது. ஒரு ஆள் உதவிக்கு வர, முதலாளி தடுத்துவிட்டார்.

"அவனே ஏத்தினான். அவனே இறக்கட்டும்."

மூன்றாவது மூட்டை இறங்கும்போது கிழிந்தது. கொட்டிய மணலில் உடைந்த சிமென்ட் கட்டி, கசங்கிய காகிதக் கப், காய்ந்த சருகு, சிகரெட் துண்டு.

"இது நாம தினமும் கூட்டி வெளியில கொட்டுற மணலாச்சே," என்றார் பில் போடுகிற அம்மா, மெதுவாகத்தான்.

முதலாளி காதில் விழுந்தது. அந்தக் குப்பை மணலை வைத்துச் சுவர் எழுப்பினால் ஒரு மழைக்குத் தாங்காது. இது அவருக்குத் தெரியாதா? நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க வாய் வரவில்லை.

"டயருக்குக் காத்தை நிரப்புங்க," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது டிரைவர் வழக்கம்போல அதே பிக்கப்பின் கதவைத் திறந்தார். இருக்கையில் முதுகுக்கு வைக்கும் மெத்தையைச் சரிசெய்தார். ஏறுவதற்குக் கை கொடுத்தார். முதலாளி அந்தக் கையைப் பிடித்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

முதலாளிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். ஒரு குலுக்கல் குலுங்கினாலும் மறுபடி படுக்கைதான் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். அதற்காக வரவழைத்ததுதான் அந்த மெத்தை. கம்பி விலை கேட்க வருகிறவர்கள்கூட மெத்தையின் பெருமையைக் கேட்காமல் கடையை விட்டுப் போக முடியாது. "மேகத்துல போற மாதிரி இருக்குய்யா" என்பார்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் வண்டி ஊர்ந்துதான் ஏறியது. இறங்கும்போது பின்பக்கம் துள்ளி விழுந்தது.

"அம்மா!"

இடுப்பிலிருந்து குதிகால் வரை வெட்டி இழுத்தது. டிரைவர் ஓரமாக நிறுத்தினார்.

"ரொம்ப வலிக்குதா, முதலாளி? மெதுவாத்தான் விட்டேன். பிக்கப் காலியா இருந்தா தூக்கித்தான் போடும். பின்னாடி பாரம் இருந்தாத்தான் அமுங்கிப் போகும்."

முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினமும் இரண்டு தடவை இதே வழியில்தான் போகிறார். இங்கே ஒரு வேகத்தடை இருப்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்த மூட்டையை எப்போ ஏத்தின?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து, நீங்க முதல்ல கடைக்குக் கிளம்பினீங்களே. அதுக்கு முந்தின நாள்."

"டயர்ல காத்து?"

"அதுவும் நான்தான் கொஞ்சம் இறக்கி விட்டேன்."

வலி குறைந்துகொண்டு வந்தது. அந்த இடத்தில் வெட்கம் ஏறிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்த மெத்தையை அவர் இழுத்துக் காலடியில் போட்டார்.

"இத்தனை மாசமா ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"மெத்தையைப் பத்தி எல்லார்கிட்டயும் ஆசையா சொல்லிட்டிருந்தீங்க. அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"சரி, இன்னைக்கு? திருடன்னு சொல்ற அளவுக்குப் போயிட்டேனே. அப்போவாவது வாயைத் திறந்திருக்கலாமே."

டிரைவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

"கஸ்டமருங்க நின்னாங்க. நம்ம ஆளுங்க நின்னாங்க. அத்தனை பேர் முன்னாடி நான் சொல்லியிருந்தா, உங்களுக்குத்தானே முதலாளி தலைகுனிவு."

முதலாளியால் நிமிர முடியவில்லை. அதற்கு முதுகு காரணமில்லை.

"வண்டியைத் திருப்பு," என்றார்.

"எங்க?"

"கடைக்குத்தான். ஆளுங்க கிளம்புறதுக்குள்ள போயாகணும்."

"திரும்பினா இதே வேகத்தடை வரும், முதலாளி. பின்னாடி மூட்டையும் இல்ல."

"வரட்டும்."