பெட்டிக்கு வளைகாப்பு

குழந்தை வளரும் கண்ணாடிப் பெட்டிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். மருத்துவமனையில் இந்தப் பெட்டிகளைத் துடைப்பவன் நான். குழாய்களில் வளையல் மாட்டுவதும் என் தலையில் விழுந்தது. கருமுட்டை கொடுத்த தமயந்தி சுவரோரம் நின்றாள்.

"எனக்கும் ரெண்டு போடுங்க அத்தை."

"எதுக்குடி? வாந்தி எடுத்தியா, கால் வீங்குச்சா? சுமக்குறதுக்குத்தான் போடுவாங்க" என்றாள் மாமியார். உறவுக்காரிகள் சிரித்தார்கள்.

பெட்டிக்குச் சந்தனம் பூசி, ஆரத்தி எடுத்து முடித்தார்கள். மிஞ்சிய வளையல்களை வந்தவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். தமயந்தியும் விருந்தாளிகளோடு வரிசையில் வந்து வாங்கிக்கொண்டாள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, தமயந்தி அந்த வளையல்களைப் போட்டுக்கொண்டு கண்ணாடியருகே கையைக் குலுக்கினாள். குழந்தை அசையவே இல்லை. பெட்டியின் மோட்டார் ஓடத் தொடங்கியது. குழாயிலிருந்த வளையல்கள் சிணுங்கின.

குழந்தை அந்தப் பக்கம் திரும்பியது.