ஏழரை மணி அழுகை

“என்னங்க, மணிதான் கூப்புடுறான். ஒரே ஒரு தடவை பேசுங்களேன்.”

தாமரைச்செல்வி போனைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள். செம்பியன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ரசம் ஊத்து” என்றான்.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் ஊற்றிய வேகத்தில் பாதி ரசம் தரையில் போயிற்று.

“அடுத்த வாரம் மாங்கனி. இந்த வருஷமாவது தம்பியை வரச் சொல்லக் கூடாதா? நீங்கல்லாம் மனுஷன்தானா?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

கூடப் பிறந்த ஒரே தம்பி மணிபாரதி. அப்பா அம்மா போன பிறகு செம்பியனே தூக்கி வளர்த்த பிள்ளை. காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் அண்ணன் தோளில் ஏறி நின்று, மாடியிலிருந்து வீசுகிற மாம்பழங்களைத் துண்டில் பிடித்தவன். அவனோடு ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை.

இத்தனைக்கும் அவன் செய்த குற்றம் என்ன? போன ஆனியில் சென்னையிலிருந்து கூப்பிட்டு, “ஷூட்டிங் இருக்குண்ணே, மாங்கனிக்கு வர முடியல” என்றான். அவ்வளவுதான்.

“மாங்கனி இறைப்புக்கு வராதவன் இனிமே இந்த வீட்டுக்கே வர வேணாம்!” என்று கத்தினான் செம்பியன். போதாததற்குத் தன் தலையில் அவள் கையை வைத்து, நீயும் அவனோடு பேசக் கூடாதென்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டான்.

நெடுங்காடு ஊரே காறித் துப்பியது. மாம்பழத்துக்காக அண்ணன் தம்பி பிரிந்தது சாமி வீட்டில்தான். அங்கேகூடக் கோபித்துக்கொண்டு போனது தம்பி.

“இன்னொரு தடவை அடிச்சா நான் எடுத்துடுவேன், சொல்லிட்டேன். சத்தியமாவது ஒண்ணாவது!”

சொல்லிவிட்டு டி.வி.யைப் போட்டாள். ஏழரை ஆகியிருந்தது.

அது ஒரு பேய் சீரியல். விபத்தில் செத்த அண்ணன் ஆவியாக வீட்டிலேயே சுற்றுகிறான். வெள்ளைச் சட்டையும் காலடியில் புகையுமாக நம் கண்ணுக்குத் தெரிவான், தம்பி கண்ணுக்கு மட்டும் தெரியமாட்டான். அந்தத் தம்பி வேஷம்தான் மணிபாரதிக்கு.

ஆரம்பத்தில் அவன் அழுததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. கிளிசரின் புண்ணியத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, முகமோ கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரி இருந்தது. பிறகு எங்கேதான் கற்றுக்கொண்டானோ, இப்போதெல்லாம் அவன் உதட்டைக் கடித்தாலே எதிர்வீட்டு அஞ்சுகம் முந்தானையைத் தேடுகிறாள்.

இன்றைக்குச் செத்துப்போன அண்ணனின் நம்பருக்கே போன் போட்டான். மேஜைமேல் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற ஆவி எடுக்கப் பார்த்தது. விரல்கள் போனுக்குள் புகுந்து வெளியே வந்தன.

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் இடி இடிக்கும், ஒரே முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள். இன்றைக்கு இசைகூட இல்லை. மணிபாரதி அழவும் இல்லை. போனைக் காதில் வைத்தபடி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

“எடுண்ணே” என்றான். “திட்டறதுக்காவது எடுண்ணே.”

தாமரைச்செல்வி ஆத்திரத்தோடு திரும்பினாள்.

“கேட்டீங்களா? யாரை நெனச்சுச் சொல்றான்னு தெரியுதா?”

செம்பியன் வழக்கம்போல டி.வி.க்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தான். சோறு அப்படியே இருந்தது. தோள் குலுங்கியது.

அவள் எதிரே போய் உட்கார்ந்தாள். புருஷன் இப்படி அழுது அவள் பார்த்ததே இல்லை.

“இவ்வளவு பாசத்தை உள்ள வச்சுக்கிட்டு ஏங்க இப்படி?”

அவன் முகத்தைத் தோள் துண்டில் புதைத்துக்கொண்டான்.

“மொத மொத அவன் அழுதப்ப ஊரே சிரிச்சுச்சே, ஞாபகம் இருக்கா?”

“அதுக்கு?”

“டைரக்டர் ஆளையே மாத்தப்போறேன்னுட்டாராம். நான் வயல்ல நிக்கிறப்ப போன் பண்ணினான். அத்தனை வருஷம் அலைஞ்சு கெடைச்ச வேஷம் போயிடும்போல இருக்குன்னு புலம்புனான். ‘எனக்கு அழுகையே வரலண்ணே. தினம் காலையில உன்கிட்ட பேசிட்டுத்தானே ஷூட்டிங் போறேன். உசுரோட இருக்கிற அண்ணனை வச்சுக்கிட்டு, செத்த அண்ணனுக்கு எப்படிண்ணே அழுவுறது?’ன்னு கேட்டான்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப... மாங்கனிக்கு வரலைன்னு சண்டை போட்டது?”

“ஏதாவது ஒரு சாக்கு வேணும்ல?”

“அடப்பாவி மனுஷா! தம்பிக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா அழுவ மாட்டானே.”

டி.வி.யில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“இந்தச் சீரியல் எப்பங்க முடியும்?”

செம்பியனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“இந்த மாசத்தோட முடிக்கிறதாத்தான் இருந்தாங்க. நேத்து பேட்டியில சொல்றாங்க, தம்பி அவ்வளவு நல்லா அழுவுறான்னு இன்னும் ஒரு வருஷம் நீட்டிட்டாங்களாம்.”

போன் மறுபடி அடித்தது. மணிதான்.

எடுத்துவிடுவேன் என்று சொன்ன தாமரைச்செல்வி, அது அடித்து ஓயும்வரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.