சொல்பேச்சு கேளாதவன்

முதல் அருவியிலேயே ரகுபதிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

மயிலாப்பூரில் முப்பது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவர். தெருமுனை டீக்கடைக்குக்கூட வண்டியை எடுத்துக்கொண்டு போகிற ஆள். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு தன்னந்தனியாக மலை ஏற வந்திருந்தார்.

அடிவாரத்தில் வனக்காவலர் வழி சொன்னார். மூன்று அருவிகளைத் தாண்டினால் காட்டு ஏரி. ஏரியின் அக்கரையில் சாய்ந்தாற்போல் ஒரு பாறை.

அந்தப் பாறையில்தான் போன கார்த்திகை மழையில் அவருடைய ஒரே மகன் செம்பியனைக் கண்டெடுத்தார்கள்.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. தனியாக வந்தவன், மேகம் இறங்கியதில் வழி தவறியிருக்கிறான், இரண்டு ராத்திரி மழையிலும் குளிரிலும் உட்கார்ந்தபடியே விறைத்துப் போயிருக்கிறான் என்றார்கள். பாறைக்குப் பக்கத்து ஓடையைப் பிடித்து இறங்கினால் கொஞ்ச தூரத்தில் தார் ரோடு. எத்தனையோ மலை ஏறியவன் ஏன் எழுந்து நடக்கவில்லை என்பது யாருக்கும் விளங்கவில்லை.

அது தெரியாமல் ரகுபதிக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் வந்தார்.

ரோட்டிலிருந்தே ஏறிவிடலாமே என்று வனக்காவலர் சொல்லிப் பார்த்தார். பிள்ளை போன வழியிலேயே போகிறேன் என்றுவிட்டார் ரகுபதி.

இரண்டாவது அருவியில் காலேஜ் பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்.

கூட்டாளிகளோடு போடா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். கேட்டால்தானே.

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையே இல்லை அவன். ஆறு வயதில் அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தில் அப்பன் கையை உதறிவிட்டு பலூன்காரன் பின்னால் ஓடினவன். ஐடிஐ சேரு என்றால் காலேஜில் சேர்ந்தான். தரமணியில் வேலை கிடைத்ததும் கல்யாணம் பண்ணிக்கொள் என்றால், சனிக்கிழமைதோறும் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பினான்.

"மலைல இன்னா கீது, சவாரியா கீது?" என்று ரகுபதி கேட்பார். நீயும் ஒருவாட்டி வந்து பாரேன் என்று சிரிப்பான்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி அவன் திரும்பவில்லை, போனும் கிடைக்கவில்லை. போலீசுக்குப் போகலாம் என்று மனைவி முத்தம்மா அழுதாள். எவன் ரூமிலாவது கிடப்பான், அவனாக வரட்டும் என்று ரகுபதி படுத்துவிட்டார். மறுநாளும் தேனாம்பேட்டைக்கும் மயிலாப்பூருக்குமாகச் சவாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

இன்று விடியற்காலையில் முத்தம்மா புளிச்சோற்றை இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். இரண்டையும் அவர் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது அருவிக்கு மேல் பாதை வழுக்கியது. வேரைப் பிடித்து, கையை ஊன்றி, கடைசியில் தவழ்ந்தேதான் ஏறினார். மேலே ஏரி அசையாமல் கிடந்தது.

கரையைச் சுற்றிப்போய்ப் பாறையைக் கண்டுபிடித்தார். ஓர் ஆள் முதுகைச் சாய்த்து உட்காரத் தோதான பாறை. தொட்டுப் பார்த்தார். பிறகு அவரும் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார்.

கீழே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவ்வளவு பக்கத்தில் ரோடு. இது அவனுக்கும் கேட்டிருக்கும். கேட்டும் எழுந்திருக்கவில்லை.

வாய்விட்டுத் திட்ட நினைத்துத் தலையை நிமிர்த்தினார்.

தலைக்கு மேலே, மரத்தின் உயரமான கிளையில், ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. வெளுத்துக் கந்தலாகிவிட்டது. ஆனாலும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஆட்டோ துடைக்கிற துணி. காணோமென்று வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடிய துணி.

ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஆளுக்கும் தெரிகிற மாதிரி அதைக் கட்டியிருந்தான்.

ரகுபதி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திருவிழா நாள் நினைவுக்கு வந்தது. நான்கு மாட வீதியும் அலைந்து, குளத்து மூலையில் அழுதுகொண்டிருந்த பிள்ளையைப் பிடித்து, பளாரென்று ஓர் அறை விட்டார். விட்ட கையாலேயே அவன் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே தப்பிப் பூட்டா நின்ன எடத்த வுட்டு அசையாத நைனா. எதுனா ஒண்ண ஒசரமா தூக்கிக் காட்டிக்கினு அங்கயே இரு. நா வந்து இட்டுக்கினு போறேன்."

பிறந்ததிலிருந்து ஒரு பேச்சையும் கேட்காத பிள்ளை, இதைக் கேட்டிருக்கிறான்.