மோர் குடு

"பெருமாளு, ஐயாவுக்கு மோர் குடு" என்றார் ஜவுளிக்கடை தேசப்பன், வாயெல்லாம் பல்லாக. புத்தூர்க்காரரின் முகம் குளிர்ந்தது. ஆடிக் கிருத்திகைக்கு ஒரு மஞ்சள் வேட்டியைப் பாதி விலைக்குக் கேட்டபடி வெகு நேரமாக நகராமல் உட்கார்ந்திருந்தவர் அவர்.

மோர் வரவில்லை. பெருமாள், விரித்துப் போட்டிருந்த வேட்டிகளை மடிக்க ஆரம்பித்தான். வாசலில் இருந்த துளசிங்கம், அவருடைய செருப்பைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்தான். மனுஷர் தானாகவே எழுந்து போய்விட்டார்.

பந்தியில் மோர் வந்தால் சாப்பாடு முடிந்தது. தேசப்பன் கடையில் மோர் என்றால் ஆளைக் கிளப்பு என்று அர்த்தம். சொல் ஒன்றுதான், பெருமாள் காதில் விழுந்தால் துணி மடியும், துளசிங்கம் காதில் விழுந்தால் செருப்பு திரும்பும், பின்கட்டில் இருக்கும் அவர் மனைவி கௌரியம்மாள் காதில் விழுந்தால் அவளுக்குத் தலைவலி வரும்.

எத்தனையோ பேரை இப்படி மோர் கொடுத்து அனுப்பியவர் அவர். அதற்கும் மசியாமல் ஒரு சேல்ஸ் டாக்ஸ்காரன் வந்து சேர்ந்தபோதுதான், கடையை மனைவி பேருக்கு எழுதி வைத்து, 'கௌரி ஜவுளி ஸ்டோர்' என்று போர்டு மாட்டினார்.

அடுத்து உள்ளே வந்தவன் துணி வாங்க வரவில்லை. பெண் கேட்க வந்திருந்தான். ஆர்.கே.பேட்டை ஜெகநாதன்; அவன் அப்பா தேசப்பனுக்குக் கூலிக்கு நெய்கிறவர். தேசப்பனின் மகள் மனோரமாவுக்கு மெட்ராஸில் அவனோடு ஒரே ஆபீசில் வேலை.

"கூலித் தறிக்காரன் மவன் மொதலாளி வூட்ல பொண்ணு கேக்கறியா? ஆங்? அப்படி இன்னா வேலைடா பாக்கறே நீ?"

"கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதறேங்க."

"புரியற மாதிரி சொல்லு."

"மொதல்ல ஒரு அப்பனை எழுதுவோங்க. அப்பனுக்குத் தெரிஞ்ச வேலையெல்லாம் புள்ளைங்களுக்குத் தானா வந்துடும். ஆனா எந்தப் புள்ளையும் அதே பேர்ல தன் வேலைய மாத்தி எழுதிக்கலாம். நாம ஒரே பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். எதுர்ல யார் நிக்கறாங்களோ, அவங்கவங்க வேலை நடக்கும். ஓவர்ரைடிங்னு சொல்லுவாங்க."

அட, இது நம்ம மோர் ஆயிற்றே என்று தேசப்பனுக்கு உள்ளே ஒரு சிரிப்பு எழுந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"அப்பன் பேச்சை மீறறதுக்கு ஒரு பேரும் வச்சி, சம்பளமும் குடுக்கறானா மெட்ராஸ்ல? அதான் என் பொண்ணு நாலு மாசமா எதுத்து எதுத்துப் பேசறா!"

"இதுல ஒரு விசேஷம் இருக்குதுங்க. புதுசா எழுதினது கூப்பிடறவருக்குத் தெரியணும்னு இல்ல. பழைய வேலைதான் நடக்கப் போவுதுன்னு நெனச்சிகினே கூப்பிடுவாரு."

பின்கட்டுத் திரை லேசாக அசைந்து நின்றது.

"போதும்டா உன் கதை. மனோரமாவுக்கு அரக்கோணத்துல மாப்ள பாத்தாச்சி. வர்ற தைல கல்யாணம்." தேசப்பன் திரைப் பக்கம் திரும்பிக் குரலில் தேனைக் குழைத்தார். "கௌரி, தம்பிக்கு மோர் குடும்மா!"

'தலை வெடிக்குதுங்க' என்ற முனகலுக்காகக் காத்திருந்தார். திரை விலகியது. கௌரியம்மாள் பெரிய டம்ளரோடு வந்தாள். கறிவேப்பிலை மிதக்க, பெருங்காயம் மணக்க, நிஜமான மோர்.

"குடிங்க, மாப்ள" என்று ஜெகநாதன் கையில் கொடுத்தாள்.

தேசப்பனுக்குக் கண் சிவந்தது. "ஏய், நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பண்றே?"

"மோர் குடுக்கச் சொன்னீங்க. குடுத்தேன்."

"நெய்யறவன் மவனை மாப்ளைன்றியா? எவனைக் கேட்டு? இவனையெல்லாம் வாசப்படி ஏத்தனதே தப்பு!" கல்லாப் பெட்டி அதிர ஓங்கித் தட்டினார். "இந்தக் கடைல யாரு உக்காரணும், யாரு எழுந்து போவணும்னு கடைக்குச் சொந்தக்காரங்கதான் சொல்லணும். தெரிஞ்சிக்கோ!"

"ஆங், அது நியாயந்தான்" என்றாள் கௌரியம்மாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"துளசிங்கம், நம்ம ஐயாவுக்கு மோர் குடு."