அகில் உறங்குகிறது

மச்சினனை வீட்டை விட்டுக் கிளப்ப மூக்கருக்கு வேறு வழி தெரியவில்லை. போலீசுக்குப் போன் செய்தார்.

"என் பொண்டாட்டியோட தம்பி, என்னோட அகில் கைச்சரத்தைத் திருடிட்டான் சார். டப்பா காலி. உடனே வாங்க."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தோடு பாட்டும் கேட்டது. ரெண்டு நாள் தங்கிப் போகிறேன் என்று வந்தவன். வெயில் போய், மழை போய், அடுத்த வெயிலும் வந்துவிட்டது. இன்னும் பாடிக்கொண்டுதான் குளிக்கிறான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மனைவி இரண்டு நாள் பேச மாட்டாள்.

மூக்கர் என்பது பட்டப்பெயர். தொழில் டைல்ஸ் கடை என்றாலும், உயிர் அகில் கட்டையில் கடைந்த மணிச்சரங்களில் இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டு நீட்டினாலும் முகர்ந்து பார்த்தே தரம் சொல்லிவிடுவார். வீட்டில் அதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள், கொடுமையைப் பாருங்கள், அந்த மச்சினன்தான்.

"போலி இருக்கே மாப்ளே, எடுத்ததுமே ஊரைக் கூட்டும். அசல் சும்மா கிடக்கும். உடம்புச் சூடு ஏறினாத்தான் வாயையே திறக்கும்."

"அடேங்கப்பா! அப்புறம் அத்தான்?" என்பான். உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டில் அதுகூடக் கேட்காவிட்டால் எப்படி?

இவ்வளவு கேட்டும் திருந்தவில்லை. மட்டமான சென்ட்டில் குளித்துவிட்டுத் திரிந்தான். கொஞ்ச நாளாக அது இன்னும் அதிகம். அவன் ஹாலுக்கு வந்தால் மூக்கர் பால்கனிக்குப் போய்விடுவார்.

அவரிடம் இருந்த சரங்களில் ராஜா ஒன்று உண்டு. கன்னங்கரேல் என்று இருக்கும். வாங்கிய அன்று தண்ணீரில் போட்டபோது கல்லாக அடியில் போய் உட்கார்ந்தது. அதை இப்போது உறங்கப் போட்டிருந்தார். சேகரிப்பவர்களின் வழக்கம் அது. சில மாதம் கையில் போட்ட சரத்தைக் காற்றுப் புகாத பையில் மூடி வைத்துவிட்டால், களைத்த மணம் உள்ளேயே ஊறித் திரும்பி வரும். நடுவில் பிரிப்பது, தூங்குகிற குழந்தையைத் தட்டி எழுப்புகிற மாதிரி.

ஒருவன் மேல் திருட்டுப் பழி போடும்போதும் மூக்கர் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. டப்பாவிலிருந்து பையைப் பிரிக்காமலே எடுத்து, மச்சினன் பெட்டியில் பனியன்களுக்கு அடியில் செருகினார்.

போலீஸ் வந்தபோது மச்சினன் முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். கரண்ட் இல்லை. வீடு அடுப்பாக இருந்தது.

"ஒரு நிமிஷம் சார், சென்ட் அடிச்சிட்டு வந்துடறேன்."

"பொண்ணு பார்க்கவா கூப்பிடறோம்? அப்படி ஓரமா நில்லு," என்றார் இன்ஸ்பெக்டர்.

பெட்டியைக் கவிழ்த்ததும் வெள்ளி நிறப் பை வந்து விழுந்தது.

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தான் மச்சினன்.

"வாயைத் திறக்காதே! இதேதான் சார் என் சரம்!" என்று குதித்தார் மூக்கர்.

மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு நடுவில் வந்தாள். "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லைங்க. வாரா வாரம் அசல்னா தண்ணியில முங்கும், முங்கும்னு எங்க உயிரை எடுப்பீங்களே, இப்பப் போடுங்க, பார்ப்போம்!"

மூக்கருக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது போல் இருந்தது. சாட்சிக்குச் சாட்சியும் ஆச்சு. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"பாருங்க சார். கல்லு மாதிரி இறங்கும்."

அவசரத்தில் முகர்ந்துகூடப் பார்க்காமல் பையைப் பிரித்துச் சரத்தை உள்ளே விட்டார்.

அது மிதந்தது. சுகமாக, ஆற்றில் விட்ட வாத்து மாதிரி மிதந்தது. போதாக்குறைக்குத் தண்ணீரில் கறுப்புச் சாயம் இறங்கியது.

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன்," என்றான் மச்சினன். "அது நான் பிளாட்பாரத்துல வாங்கினது. அத்தானைப் பார்த்து எனக்கும் ஒரு ஆசை."

இன்ஸ்பெக்டர் மூக்கர் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க சரம் எங்க சார்?"

மூக்கர் வாயைத் திறந்தார். 'இந்தப் பையை நான்தான் பெட்டியில் வைத்தேன்' என்று எந்த வாயால் சொல்வது? மூடிக்கொண்டார்.

"வீட்டுலயே எங்கயாவது வெச்சிருப்பீங்க, தேடுங்க. இன்னொரு தடவை இந்தப் பையன் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தீங்கன்னா, உங்களைத்தான் தூக்கி உள்ள வைப்பேன்."

ஜீப் போனது. மனைவி உள்ளே போய் அறைந்த கதவில் சுவர்க் கடிகாரம் ஆடியது. மூக்கர் டம்ளரையே வெறித்துக்கொண்டிருந்தார். மச்சினன் ஓடிவந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டான்.

"விடுங்க அத்தான், நான் மனசுல வெச்சுக்கல. இந்த நிலைமையில உங்களை விட்டுட்டு நான் எங்க போறது? இனிமே கடைசி வரைக்கும் உங்ககூடத்தான்."

அத்தனை நேரம் புழுக்கத்தில் நின்றதில் அவன் உடம்பு கொதித்தது. அந்த முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து ஒரு மணம் நிதானமாக எழுந்து மூக்கரின் மூக்கில் ஏறியது. சென்ட் அல்ல. ஆயிரம் மணத்துக்கு நடுவில் வைத்தாலும் அவர் அடையாளம் சொல்லக்கூடிய மணம்.

வாழ்நாளில் மூக்கர் கொடுத்த அந்த ஒரே பொய்ப் புகாரில், ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.