இருநூற்று இருபது கெஜம்

விடுதி அலுவலகத்தில் இருந்தவர்கள்: மேலாளர் சுபாஷ், தலைமைக் காவலர் அருள்மொழி, விருந்தினர் தனசேகரன், அவருடைய கோல்ஃப் பையைத் தூக்கும் ஐயப்பன். மேசை மேல் ஒரு பந்து. அதில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

தனசேகரனுக்கு அறுபத்தெட்டு வயது. உள்ளே வந்ததிலிருந்து அவருடைய இடது கை பேண்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

"சாமியம்மாளுக்கு மண்டையில எட்டுத் தையல்," என்றார் அருள்மொழி. "கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில கெடக்குது. கண்ணு முழிச்சிடுச்சு. ஆனா இன்னா வந்து பட்டுச்சுன்னு அதுக்கே தெரியல. பக்கத்துல இந்தப் பந்து கெடந்துச்சு. யாருது இது?"

"என்னுது," என்றார் தனசேகரன். "என் பந்து எல்லாத்துலயும் ரெண்டு புள்ளி வைப்பேன்."

ஐயப்பன் சுவரோரம் நின்றான். சாமியம்மாள் அவன் அம்மா. காலையில் கோல்ஃப் மைதான வேலிக்கு அப்பால் சாமைக்கொல்லையில் முனகல் கேட்டு முதலில் ஓடியவன் அவன்தான். அவளைத் தூக்கி வந்து ஜீப்பில் ஏற்றி, அக்காவைத் துணைக்கு அனுப்பிவிட்டு விசாரணைக்காக இங்கே நின்றான்.

சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. முன்னால் கோத்திருந்த கைகளில் வலது கை வெயிலில் கறுத்திருந்தது. இடது கை மணிக்கட்டுக்குக் கீழே சற்று வெளுத்திருந்தது.

"மேடம், கொஞ்சம் யோசிங்க," என்றான் சுபாஷ். "அடிக்கிற எடத்துலேர்ந்து அந்தம்மா நின்ன எடம் இருநூத்தி இருவது கெஜம். சாரு நல்ல வெயில்ல, காஞ்ச தரையில அடிச்சாலே நூத்தி அறுவதுதான். காலையில ஆறரை மணிக்கு எதிர்ல ஆள் தெரியல. காத்தே இல்ல, பனி அசையாம நின்னுச்சு. குளிர்ல பந்து எழும்பாது. ஈரப் புல்லுல உழுந்தா உருளாது. எப்படிப் போவும்?"

"அப்போ பந்து நடந்து போச்சா?" அருள்மொழி ஐயப்பன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. தெனம் இவுங்களுக்குத் தூரம் சொல்றவன் நீதானே?"

அதுதான் அவன் வேலை. காற்றைப் பார்ப்பான், புல்லை மிதித்துப் பார்ப்பான், பந்து எவ்வளவு போகும் என்று சொல்வான். மூன்று வருடத்தில் ஐந்து கெஜம் பிசகியதில்லை. ஆனால் அவன் மட்டையைப் பிடித்து ஆடக் கூடாது. ஆடினால் அன்றைக்கே வேலை போய்விடும்.

"போவும் மேடம்," என்றான் ஐயப்பன். "மலையில காத்து லேசு. கீழ இருக்கறத விட இங்க பந்து ஜாஸ்தி போவும். பின்னாலேர்ந்து காத்து வேற தள்ளுச்சு. தரையும் அந்தப் பக்கம் எறக்கம்."

"இருநூத்தி இருவது?"

"போவும்."

தனசேகரன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். ஐயப்பனையே பார்த்தார். ஐயப்பன் தரையைப் பார்த்தான்.

"நீங்க இன்னா சார் சொல்றீங்க?" என்றார் அருள்மொழி.

"நான் அடிச்சதுதாங்க. எழுதிக்கங்க. தூரத்தையும் எழுதுங்க. இருநூத்தி இருவது."

சுபாஷ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "சார், இது போட்டி இல்ல. கேஸு."

"தெரியும். எழுதச் சொல்லு."

அருள்மொழி எழுதினார். "தெரியாம நடந்ததுதான். இருந்தாலும் கூப்புடுறப்போ ஸ்டேஷனுக்கு வந்துடணும்." தனசேகரன் வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே இங்க ஆட முடியாது சார்," என்றான் சுபாஷ். "தப்பா நெனச்சிக்காதீங்க." அவர் தலையை ஆட்டினார்.

ஐயப்பன் பையைத் தோளில் மாட்டினான். வாசலில் அருள்மொழி அவனை நிறுத்தினார். "பெத்தவ மண்டைய ஒடச்சவருக்கே பை தூக்கினு போறியா? நல்ல மனசுடா ஒனக்கு."

அவன் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான்.

தனசேகரனின் அறை வாசலில் பையை இறக்கி வைத்தான். "சார்..." என்றான்.

தனசேகரன் பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்தார். கோல்ஃப் ஆடுபவர்கள் இடது கைக்கு மட்டும் போடும் கையுறையை வருடக்கணக்காக மாட்டிய கை, மணிக்கட்டுக்குக் கீழே வெளுத்திருந்தது. உள்ளங்கையில் ஒரு பந்து. அதிலும் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"காலையில நான் அடிச்சது இது. முப்பது கெஜம் கம்மியாப் போவும்னு நீ சொன்ன இல்ல? அதே மாதிரி நூத்தி முப்பதுல, ஈரப் புல்லுல குந்தினு இருந்துச்சு. நீங்கல்லாம் கொல்லைக்கு ஓடினப்போ எடுத்து வச்சிக்கினேன்."

ஐயப்பன் தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நான் வர்றதுக்கு முன்னாடி அடிச்சியா? நான் தொலைச்ச பந்துல?"

"பனியில ஒண்ணும் தெரியல சார். அம்மா அவ்ளோ காலையில கொல்லைக்கு வரும்னு..."

"எனக்கு ஆட்டம் மட்டும்தான் போச்சு. ஒனக்கு வேலையே போயிருக்கும்." பந்தை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவர் உள்ளே போனார். கதவைப் பாதி சாத்தியதும் நிறுத்தினார்.

"போலீசுக்கு நான் சொல்லிட்டேன். ஒங்க அம்மாவுக்கு நீ சொல்லு."

கதவு மூடியது. உள்ளே பூட்டு விழுந்தது.